விடைபெறும் வி.பி. ஸ்கிரிப்ட்: விழித்துக்கொள்ளுமா தில்லி?

புது தில்லி: இணையப் பக்கங்களுக்காக 1996-இல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய வி.பி. ஸ்கிரிப்ட் நிரல்மொழிக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. அதைக் கைவிடுவதாக 2023 அக்டோபரில் அறிவித்த அந்நிறுவனம், 2024 மே மாதம் கால அட்டவணையையும் வெளியிட்டது. அதன்படி, 2027 வாக்கில் விண்டோஸ் கணினிகளில் இம்மொழி தானாக இயங்காது. பின்னர் அடியோடு நீக்கப்படும்.

எங்கோ ஒரு நிறுவனம் தன் பழைய சரக்கை ஒதுக்கினால் தில்லிக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். கடந்த 20 ஆண்டுகளில் நடந்தவை அதற்குப் பதில் சொல்கின்றன.

தேசிய மின்-ஆளுமைத் திட்டத்துக்கு 2006 மே மாதம் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. நிறுவன விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. 21 திட்டமும் அதே ஆண்டில் தொடங்கியது. நிறுவனங்களின் ஆவணங்களும், அரசு ஒப்பந்தப்புள்ளிகளும் படிப்படியாக இணையத்துக்கு மாறின. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அங்கீகரித்த மின்னணுக் கையொப்பமே இவற்றுக்கு அச்சாணி. ஆனால், யு.எஸ்.பி. கருவியில் இருக்கும் அக்கையொப்பத்தைச் சாதாரண இணையப் பக்கம் நேரடியாக அணுக முடியாது. இடையில் பாலமாக நின்றவை ஜாவா ஆப்லெட், ஆக்டிவ் எக்ஸ் போன்ற செருகுநிரல்கள்.

பாதுகாப்பு ஓட்டைகள் மலிந்த இப்பாலங்களை உலவிகள் ஒவ்வொன்றாக அகற்றின. கூகுள் குரோம் 2015 செப்டம்பரிலும், ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சிலும் ஜாவா ஆப்லெட்டுக்குக் கதவடைத்தன. எஞ்சிய புகலிடமான இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கும் 2022 ஜூன் 15-இல் மைக்ரோசாஃப்ட் ஓய்வு கொடுத்தது.

இடைப்பட்ட காலத்தில் அவதிப்பட்டவர்கள் சிறு ஒப்பந்ததாரர்களும், கணக்குத் தணிக்கையாளர்களும்தான். ஒப்பந்தப்புள்ளிக்கான நேரம் முடிந்தால் தளம் மூடிக்கொள்ளும். உலவி ஒத்துழைக்கவில்லை என்பது அங்கே காரணமாகாது. ஆகவே பழைய உலவியையும் பழைய ஜாவாவையும் விடாமல் வைத்திருந்தனர். எச்சரிக்கைகளைப் புறக்கணித்து, அரசுத் தளத்துக்கு விதிவிலக்கு அளிக்குமாறு கணினிக்குக் கட்டளையிட்டனர். பாதுகாப்புக்காகப் பெற்ற கையொப்பத்தை இட, பாதுகாப்பையே தளர்த்த வேண்டியிருந்தது! தனியாக நிறுவிக்கொள்ளும் கையொப்ப மென்பொருள்கள் வந்த பிறகே இச்சிக்கல் தணிந்தது.

விதிகள் இல்லாமல் இந்நிலை ஏற்படவில்லை. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இல் வகுக்கப்பட்டன. எந்த ஒரு நிறுவனத்தையும் சாராத திறந்த தரங்களைப் பின்பற்றும் கொள்கை 2010 நவம்பரில் வெளியிடப்பட்டது. ஆனால், வழிகாட்டு நெறி சட்டமல்ல. தளத்தை உருவாக்குவதில் காட்டப்படும் ஆர்வம், அதைப் புதுப்பிப்பதில் காட்டப்படுவதில்லை. புதிய தளத்துக்குத் தொடக்க விழா உண்டு. பழைய நிரலை மாற்றி எழுதுவதற்கு யார் விழா எடுப்பார்கள்?

இதனிடையே, உள்நாட்டு உலவிக்கான போட்டியை மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023 ஆகஸ்டில் அறிவித்தது. மின்னணுக் கையொப்பத்தை உலவிக்குள்ளேயே இடும் வசதி அதில் கேட்கப்பட்டது. பட்ட அனுபவத்தின் விளைவு என்றே இதைக் கொள்ளலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2025 மார்ச்சில் முதல் பரிசான ரூ. 1 கோடியை வென்றது. எனினும், அந்நிறுவனத்தின் 'உலா' உலவியும் கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் அடித்தளத்தின் மீதே அமைந்தது. எதை எப்போது ஓய்வு பெறச் செய்வது என்ற முடிவு இன்னமும் பெருமளவு கடல் கடந்தே எடுக்கப்படுகிறது.

எட்ஜ் உலவியில் பழைய எக்ஸ்புளோரர் பக்கங்களைத் திறக்கும் வசதி குறைந்தது 2029 வரை நீடிக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி கூறியுள்ளது. அதை நம்பி வாளாவிருப்பது எளிது. எத்தனை சேவைகள் இணையத்துக்கு வந்தன என்று பெருமையோடு பட்டியலிடும் அமைச்சகங்கள், அவற்றில் எத்தனை காலாவதியாகும் நிரல்மொழிகளை நம்பியுள்ளன என்பதையும் சொல்ல வேண்டும். தகவல் தொடர்பு, தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, 2027-க்கு முன்பே இக்கணக்கைக் கேட்டுப் பெற முடியும்.