எஃப்.எம்.ஜி.இ. எழுதும் பிள்ளைகளும் அவர்களுக்குப் பணம் கட்டும் நாமும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை மகன் ஜார்ஜியாவில் டாக்டருக்குப் படித்து வந்தவன். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே பதிவு பெற எழுதும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டான். 300 கேள்வி, 150 சரியாக இருந்தால் தேர்ச்சி, தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. கேட்க எளிதாக இருக்கும். அவன் எடுத்தது முதலில் 131, பிறகு 138.

போன மாதம் அவன் மேசையருகே உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு செயலிக்குச் சந்தா கட்டியிருக்கிறது. டெலிகிராமில் இறக்கிய பி.டி.எஃப். கணக்கில்லை. சீனியர் கொடுத்த குறிப்புகள் வேறு. எதிலும் பாதிக்கு மேல் தாண்டவில்லை. கேட்டால், "இதைவிட அது நல்லா இருக்குன்னு சொல்றாங்க மாமா" என்கிறான். அவனை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. முதல் தோல்விக்குப் பிறகு இரண்டாவது செயலிக்குப் பணம் கட்டியவன் நான்தான்.

எனக்கு மருத்துவம் தெரியாது. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து, வாய்ப்பாடும் வகுத்தலும் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் தப்பு எங்கே விழுகிறது என்று தேடத் தெரியும். அவன் எழுதிய மாதிரித் தேர்வுகளில் தவறிய கேள்விகளைப் பாடவாரியாகப் பிரிக்கச் சொன்னேன். அதிகம் போனது சமூக மருத்துவத்தில். அதற்கு 30 மதிப்பெண், மகப்பேறு மருத்துவத்துக்குச் சமம். நம் தடுப்பூசி அட்டவணை, காசநோய்த் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் அமைப்பு, இதெல்லாம் அங்கே யார் சொல்லித்தரப் போகிறார்கள்? இவனோ அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிட்டு, 17 மதிப்பெண் உடற்கூறியலுக்கு இரண்டு மாதம் வீடியோ பார்த்திருக்கிறான்!

என் கருத்து இதுதான். முதலில் ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பாருங்கள். ஓட்டை எங்கே என்று தெரிந்த பிறகு ஒரே ஒரு புத்தகத்தையோ செயலியையோ எடுத்து, அதையே மூன்று முறை முடியுங்கள். தினமும் பாதி நேரம் குறிப்பை மூடிவைத்துக் கேள்வி போட வேண்டும். தப்பானதை மட்டும் ஒரு நோட்டில் கைப்பட எழுத வேண்டும். அடிப்படையிலிருந்து எல்லா வீடியோவும் பார்க்கத்தான் வேண்டும் என்பார்கள் சிலர். கொரோனா காலத்தில் ஆன்லைனிலேயே படித்த பிள்ளைகளுக்கு அது ஓரளவு நியாயம். அவர்களும் பலவீனமான பாடங்களுக்கு மட்டும் பார்த்தால் போதும்.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாண வீட்டில் "பாஸ் ஆயிட்டியா?" என்று அவனிடம் கேட்காதீர்கள். போன தை மாதம் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போனான். முதலிடம் பிடித்தவர் பேட்டிகளையும் அவனுக்கு அனுப்ப வேண்டாம்.

இப்போது ஒரு செயலியை நீக்கிவிட்டான், நான் பணம் கட்டியதைத்தான். என் மாணவர்களில் இந்தத் தேர்வில் தேறியவர்கள் யாராவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவனோடு போனில் சமூக மருத்துவம் பேச முடியுமா? இன்பாக்ஸில் சொல்லுங்கள்.