நடைபாதைக் கற்கள்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள திருவண்ணாமலைக்கு ஜனங்கள் திரள் திரளாகச் செல்கிறார்கள். அருணாசலேசுவரர் எழுந்தருளியுள்ள திருவண்ணாமலையை நாம் சொல்லவில்லை. தென் திருப்பதி என்று நம் ஜில்லாவார் போற்றும் ஸ்ரீநிவாசப் பெருமாள் குன்றையே சொல்லுகிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய இரு நகரங்களின் வழியாக வருகிறவர்களில் செருப்பின்றி நடப்பவர்கள் அநேகர். கிழவர்களும் கைக்குழந்தை ஏந்திய தாய்மார்களும் அவர்களில் உண்டு. இப்பேர்ப்பட்ட ஊர்களின் கடைத்தெரு ஓரத்தில் எந்தக் கல்லைப் பாவுவது என்பது அற்ப விஷயமன்று. நடைபாதை லாயக்கற்றிருந்தால் மனிதன் தார் ரோட்டில் இறங்குவான். அங்கே பஸ்ஸும் லாரியும் வருகின்றன. 2022-ம் வருஷத்தில் மாத்திரம் இந்தியச் சாலைகளில் நடந்து சென்றோரில் 32,825 பேர் விபத்துக்களில் மாண்டதாக மத்திய சர்க்காரின் அறிக்கையே கூறுகிறது.

2025 மே 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், நடைபாதையை உபயோகிக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-வது ஷரத்தில் அடங்கிய உரிமையே என்று கூறிவிட்டார்கள். உரிமை உறுதியாயிற்று. கல் உறுதியாயிற்றா என்பதே நமது கேள்வி.

கருங்கல்லே உத்தமம் என்பார் ஒரு சாரார். கோயில் பிராகாரங்களில் தலைமுறை தலைமுறையாகக் கால் பட்டும் கிடக்கும் பலகைக் கற்களைக் காட்டி அவர்கள் வாதிப்பதில் நியாயமுண்டு. ஆயினும் அதே பிராகாரத்தில் நடுப்பகலில், வெள்ளைப் பூச்சும் தேங்காய்நார் விரிப்பும் இல்லாத இடத்தில், பக்தர்கள் எப்படி ஓடுகிறார்கள் என்பதை அவர்கள் மறந்துவிடலாகாது. பாலிஷ் செய்த கிரானைட்டோ மழை விழுந்தவுடன் வழுக்குப் பாறையாகி விடுகிறது. கருங்கல்தான் வேண்டுமென்றால் கருமை குறைந்த சாம்பல் நிறக் கல்லைத் தேர்ந்து, மேற்பரப்பை உளியால் கொத்தியோ தீயால் பொரித்தோ சொரசொரப்பாக்கிய பின்னரே பாவ வேண்டும். நிழல் தரும் மரத்தின் அடியில் கழுத்தை நெரிப்பதுபோல் கல்லை நெருக்குவதும் தகாது. வேருக்குத் தண்ணீர் இறங்க இடம் விட வேண்டும்.

‘பேவர் பிளாக்’ என்று கண்டிராக்டர்கள் சொல்லும் சிமெண்டுக் கல்லே சாதாரணக் கடைத்தெருவுக்குப் போதுமானது என்பது நமது அபிப்பிராயம். சிமெண்டுக்கு நாம் தூர தேசம் போக வேண்டியதில்லை. நம் ஜில்லாவில் துலுக்கப்பட்டியிலேயே உற்பத்தியாகிறது. அதைவிட முக்கியமான குணம் ஒன்றுண்டு. குழாய் ரிப்பேருக்காகத் தோண்டும்போது கல்லை ஒவ்வொன்றாக எடுத்து, வேலை முடிந்ததும் அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். கான்கிரீட்டை உடைத்தால் உடைத்ததுதான்.

ஆனால் கல்லின் கனத்தில் கஞ்சத்தனம் கூடாது. 2006-ல் வெளியான ஐ.எஸ். 15658 என்னும் தர விதி, வண்டி ஏறாத இடத்துக்கு 50 மில்லிமீட்டரும், லேசான வண்டிப் போக்குவரத்துக்கு 60 மில்லிமீட்டரும் வகுத்தது. நமது கடைத்தெருவில் வண்டி ஏறாத நடைபாதை எங்கே இருக்கிறது? மோட்டார் சைக்கிள்கள் அதன்மேல்தான் நிற்கின்றன. சாமான் இறக்கும் சிறு வண்டிகளும் ஏறுகின்றன. ஏட்டில் 50 என்று எழுதி மிச்சம் பிடிப்பது மிச்சமாகாது.

மேலே தெரியும் கல்லைப் பற்றித்தான் சபைகளில் விவாதம் நடக்கிறது. கல் பிழைப்பதும் கெடுவதும் அதன் அடியில். மண்ணை நன்றாகத் திமிசு போட்டு, ஜல்லி பரப்பி இறுக்கி, அதன்மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மணல் சமமாய் விரித்து, கற்களின் இடுக்குகளில் நைஸ் மணல் நிரப்பி, ஓரத்தில் அசையாத கட்டுக்கல் நாட்டினால் அந்தப் பாதை நிற்கும். ஓரக் கல் நகர்ந்தால் மணல் நழுவும். மணல் நழுவினால் கல் ஆடும். ஆடுகிற கல்லை மிதித்தவன் வேஷ்டியில் சாக்கடைத் தண்ணீர் தெறிப்பதோடு போனால் அது அவன் புண்ணியம். பெங்களூர் சர்ச் தெருவில் 2018-ல் வெகு ஆடம்பரமாகப் பாவிய கருங்கற்களே சில வருஷங்களில் பெயர்ந்தன என்பதை வெறும் கல்லை நம்புவோர் கவனிக்க வேண்டும்.

இனி, தோண்டுகிறவர்கள் விஷயம். குடிதண்ணீர்க்காரர் ஒரு மாதம், கேபிள்காரர் மறு மாதம், மின்சாரக்காரர் அதற்கடுத்த மாதம் தோண்டுகிறார்கள். தோண்டிய குழியில் மண்ணைத் தள்ளி, இறுக்காமல் கல்லை அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். முதல் மழைக்கே பள்ளம் விழுகிறது. முன்பணம் கட்டாதவருக்கு அனுமதி கொடுக்கலாகாது. மழைக்காலம் ஒன்று கழிந்து, பள்ளம் விழவில்லையென்று கண்டபிறகே அப்பணத்தைத் திருப்பித் தரவேண்டும். புதுப் பாதை போடும் கண்டிராக்டருடைய பத்திரத்திலும் சில வருஷப் பராமரிப்பை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். திறப்பு விழாக் கல்வெட்டுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் பெயர்ந்த பத்துக் கற்களைப் பதிக்க ஒதுக்குவதில்லையே!

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளுக்கு மற்றொரு யோசனை அவசியம். ஆடிப்பூரத் தேரின்போது கூட்டம் முன்னும் பின்னும் அலைமோதும். பின்வாங்குகிறவன் கால் வைக்கும் இடத்தைப் பார்ப்பதில்லை. ஓரக் கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரலாகாது என்று இந்திய ரோடு காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட குறிப்பு கூறுகிறது. அங்கே அதற்கும் தாழ்வாக, சரிவாக அமைப்பதே நலம். நடக்க 1.8 மீட்டர் அகலம் தடையின்றி வேண்டுமென்பதும் அக்குறிப்பிலுள்ளதே. பூ விற்கும் ஏழை ஸ்திரீயை விரட்டி அதைச் சம்பாதிக்க வேண்டாம். அவளுக்கு 2014-ம் வருஷத்துச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. கடை வாசலில் படிக்கட்டையும் ஜெனரேட்டரையும் நடைபாதையில் நீட்டியிருக்கும் கனவான்களிடமிருந்து தொடங்கலாம்.

இரு நகரசபையாரும் வரும் புரட்டாசிக்கு முன்னர், தத்தம் கடைத்தெருவில் ஆடும் கற்கள் எத்தனை, தோண்டி மூடாத குழிகள் எத்தனை, அவற்றைத் தோண்டிய இலாகா எது என்று கணக்கெடுத்துச் சபை வாசலில் ஒட்டுவார்களா?