பாசத்துக்கும் பத்திரம் வேண்டும்

மறுமணத்தை ஏற்கத் தமிழ்ச் சமூகம் மெல்லப் பழகிவிட்டது. வாரிசுச் சட்டம்தான் இன்னும் பழகவில்லை.

மனைவியை இழந்தவர், கணவரை இழந்த பெண்ணை மணக்கிறார். அவருக்கு ஒரு மகள்; அந்த அம்மாவுக்கு ஒரு மகன். வீடு அவர் பெயரில். உயில் எழுதாமல் அவர் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வீடு மகளுக்கும் மனைவிக்கும், தாயார் இருந்தால் அவருக்கும் சமபங்கு. பள்ளியில் தகப்பனாகக் கையெழுத்துப் போட்டு அவர் வளர்த்த பையனுக்கு, தத்து எடுத்திருந்தாலொழிய, ஒரு செங்கல்லும் இல்லை.

'எல்லாம் மனைவிக்கே' என்று உயில் எழுதினால் அநியாயம் திசை மாறும். பிறகு அந்த அம்மா உயில் எழுதாமல் காலமானால் வீடு முழுக்க அவர் மகனுக்கே. மூத்த தாரத்து மகள் வாசலில் நிற்பாள். இந்து பெண்ணின் வாரிசாகச் சட்டம் சொல்லும் 'மகன்' என்பதில் கணவரின் முதல் தாரத்துப் பிள்ளை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது.

'மனைவி உயிருள்ளவரை அனுபவிக்கட்டும், பிறகு பிள்ளைகளுக்கு' என்று எழுதினாலும் நிம்மதி இல்லை. ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாக நிபந்தனையோடு தரப்பட்ட சொத்தும் பெண்ணுக்கு முழு உரிமையாகும் என்றது 1977 துளசம்மா வழக்கின் தீர்ப்பு. பெண்களைக் காத்த நல்ல தீர்ப்பு அது. ஆனால் இத்தகைய உயில்கள் கோர்ட் படியேற அதுவே வாசலாகவும் ஆகிறது.

இதற்குப் பொருத்தமான வழி தனியார் டிரஸ்ட். 1882 முதலே அதற்குச் சட்டம் உண்டு. வீடு டிரஸ்டி பொறுப்பில் இருக்கும். மனைவி கடைசிவரை குடியிருப்பார். அவருக்குப் பின் இரு பிள்ளைகளுக்கும் சரிபாதி. டிரஸ்டி இரு தரப்புக்கும் பொதுவானவராக இருந்தால் போதும். இது பணக்காரர் விவகாரமும் அல்ல. உயில் மூலமாகவே டிரஸ்ட் ஏற்படுத்தலாம். உயிலுக்கு முத்திரைத்தீர்வை இல்லை. கையெழுத்துக்கு இரண்டு சாட்சிகள் போதும்.

கல்யாண நேரத்தில் சாவுப் பேச்சா என்பார்கள். அன்று பேசாததைத்தான் கருமாதி முடிந்த கையோடு கூடத்தில் உட்கார்ந்து, குரலை உயர்த்திப் பேசுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். அதைப் பதிவதும் சார்பதிவாளர் அலுவலகம். உயிலைப் பதிவதும் அதே அலுவலகம். மறுமணத்தைப் பதிய வருவோர் கையில் எளிய தமிழில் ஒரு விளக்கத்தாளும் மாதிரி உயிலும் கொடுக்கப் பதிவுத்துறை உத்தரவிட வேண்டும். அரசுக்கு ஆகும் செலவு இரண்டு தாள். அது இல்லாமல் உடையும் குடும்பத்துக்கு ஆகும் செலவு, இரு தலைமுறையின் உறவு.