வாய்விட்டுக் கேளுங்கள்



1947-இல் வள்ளல் அழகப்பர் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து காரைக்குடி, பிள்ளைகள் படிக்க வரும் ஊர். ராமநாதபுரம், புதுக்கோட்டை, விருதுநகர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறார்கள். விடுதியில் விட்டுவிட்டு பஸ் ஏறும் பெற்றோர் நம் ஊரை நம்பித்தான் விட்டுப் போகிறார்கள். அதனால்தான் 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பைப் பற்றி உங்களோடு பேச வேண்டும் என்று தோன்றியது.

விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவி ஒருவர் இறந்துபோனார். உண்மை தெரிய வேண்டும் என்று தந்தை நீதிமன்றப் படியேறினார். விசாரணையை சிபிஐக்கு மாற்றிய நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா இருவரும் அதோடு நிற்கவில்லை. நாட்டிலுள்ள கல்வி நிலையங்கள் அனைத்துக்கும் 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தார்கள். அவற்றில் என் மனத்தில் தங்கிவிட்டது ஒன்று: ஆசிரியர்களோடு மற்றப் பணியாளர்களும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி பெற வேண்டும். ஒருவர் தற்கொலை எண்ணத்தில் இருக்கிறார் என்பதற்கான அறிகுறிகளைக் கண்டுகொள்ளவும், அந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்வது, யாரிடம் அழைத்துப் போவது என்று தெரிந்துகொள்ளவுமான பயிற்சி அது.

இது எவ்வளவு சரி என்பது விடுதிகளை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பையன் இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை என்பதைப் பேராசிரியர் அறியமாட்டார். மெஸ்ஸில் பரிமாறும் அக்கா அறிவார். ராத்திரி இரண்டு மணிக்கும் அவன் தூங்காமல் வராந்தாவில் நடப்பதை வாட்ச்மேன் பார்த்திருப்பார். ஆசையாக வாங்கிய கைக்கடிகாரத்தை "நீயே வச்சுக்கடா" என்று அவன் கழற்றிக் கொடுத்தது அறைத்தோழனிடம். பார்த்தவர்கள் இருக்கிறார்கள், பார்த்தது என்னவென்று அவர்களுக்குப் புரிவதில்லை. புரிந்தாலும் எப்படிப் பேச்செடுப்பது என்று தெரிவதில்லை. பயிற்சி வேண்டியிருப்பது இந்த இடத்தில்தான்.

2022-இல் மட்டும் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. மனநல மருத்துவர்களை மட்டும் நம்பி இதைத் தடுத்துவிட முடியாது.

இத்தகைய பயிற்சிகளில் எல்லோரும் தயங்கி நிற்கும் கட்டம் ஒன்று உண்டு. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடாதா என்று பயப்படுகிறோம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒருவராவது வாய்விட்டுக் கேட்டாரே என்பதே பலருக்கு ஆறுதல்.

ஒரு விடுதிக் காப்பாளர் எப்படிக் கேட்கலாம்?

"தம்பி, நாலஞ்சு நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சரியாச் சாப்புடல, தூங்குன மாதிரியும் தெரியல. என்னப்பா?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லைன்னா சந்தோசம்தான். ஆனா மனசு ரொம்ப நொந்துபோனா செத்துரலாமான்னுகூட சில பேருக்குத் தோணும். ஒனக்கு அப்பிடி எதுவும் தோணுதாப்பா?"

இதற்குமேல் காப்பாளர் பேசக்கூடாது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம், நிமிடக்கணக்கில் வாய் திறக்காமலும் இருக்கலாம். பொறுத்திருக்க வேண்டும். "ஆமாக்கா" என்றால் பதறாமல், "சொன்னியே, அதுவே நல்லதுப்பா. நான் கூட இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, எப்படி, எப்போது என்றெல்லாம் யோசித்து வைத்திருக்கிறானா என்றும் கேட்டுவிட வேண்டும். யோசித்து வைத்திருந்தால் அவனை ஒரு கணமும் தனியே விடக்கூடாது. தனக்குத் தீங்கு செய்துகொள்ள உதவும் எதுவும் அவன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். "யாருட்டயும் சொல்லிறாதீங்கக்கா" என்று கெஞ்சுவான். "ஒன் உசுரு விசயத்துல அந்தச் சத்தியம் மட்டும் பண்ண மாட்டேன். யாருட்ட சொல்றதுன்னு ரெண்டு பேருமாச் சேந்து முடிவு பண்ணுவோம்" என்பதே நேர்மையான பதில்.

நாம் வழக்கமாகச் சொல்வது வேறு. "இதுக்குப் போயா இப்பிடி?" "பெத்தவங்கள ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்தியா?" "கொப்புடையம்மன வேண்டிக்க, எல்லாம் சரியாப் போயிரும்." பாசத்தில்தான் சொல்கிறோம். ஏற்கெனவே தன்னை எல்லோருக்கும் பாரம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர் காதில் அது இன்னொரு குற்றச்சாட்டாக விழுகிறது. வேண்டுதல் நல்லதுதான், அவர் சொல்வதை முழுக்கக் கேட்ட பிறகு அம்மனிடம் சேர்ந்தே போகலாம்.

படித்துப் பட்டம் வாங்காத நம்மால் இது ஆகுமா என்று கேட்பீர்கள். 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் தன்னிடம் வந்து பேசலாம் என்று அறிவித்தார். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த தன்னார்வலர்களாலேயே பலர் மனம் தேறிப் போவதைக் கவனித்தார். சமாரிடன்ஸ் இயக்கம் வளர்ந்தது அப்படித்தான். இலங்கையில் 1974-இல் சுமித்ரயோவும், சென்னையில் 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகாவும் அதே வழியில் வந்தவை. தேர்வில் தோற்ற பிள்ளைகள் அந்த ஆண்டே துணைத்தேர்வு எழுத வழி பிறந்ததில் சினேகாவின் குரலுக்குப் பங்குண்டு.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் முகாமில், அங்கு வாழ்பவர்களையே தேர்ந்தெடுத்து லட்சுமி விஜயகுமார் குழுவினர் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் ஆபத்தில் இருப்பவர்களைத் தவறாமல் போய்ப் பார்த்துப் பேசினார்கள். ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் தயாரித்தார்கள். மனம் கலங்கத் தொடங்குவது எனக்கு எப்படித் தெரியும், அப்போது என்ன செய்தால் கொஞ்சம் தணியும், யார் வீட்டுக்குப் போவேன், யாரிடம் பேசுவேன் என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைப்பதுதான் அந்தத் திட்டம். பயிற்சி நடக்காத முகாமோடு ஒப்பிட்டபோது தற்கொலைகளும் முயற்சிகளும் அங்கே குறைந்திருந்தன. 2017-இல் இது ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தது. முகாம் வாழ்க்கையின் அத்தனை நெருக்கடிக்கு நடுவில் அவர்களால் முடிந்திருக்கிறது.

அதற்கு முன்பே, 2008-இல், உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வொன்று வந்தது. சென்னை உட்பட ஐந்து நகரங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை அதில் கவனித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடல், பிறகு 18 மாதம் அவ்வப்போது நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரிப்பு. முதல் பிரிவில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். நலம் விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

மாணவர்களோடு இது முடிவதில்லை. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் முகப்பு முதல் கொல்லை வரை நீளும் வீடுகளில், பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, ஆச்சி ஒருவர் மட்டும் ஒரு பகுதியில் விளக்கெரித்துக்கொண்டிருப்பதை நாம் அறிவோம். "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்" என்று அவர் சொன்னால் வயசானவர்கள் புலம்புவதுதானே என்று கடந்துவிடுகிறோம். பால் ஊற்ற வருபவரும் சமையலுக்கு வரும் அம்மாவும் அதை முதலில் கேட்பவர்கள். வாரத் தவணை கட்ட முடியாமல் மகளிர் குழுக் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்ட பெண்ணைக் குழுத் தலைவி முதலில் கவனிப்பார். இவர்களுக்கும் பயிற்சி வேண்டும்.

போலீஸ் கேஸாகிவிடும் என்ற பயத்தில், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்குக்கூட ஏதோ தவறிப்போய் நடந்தது என்று சொல்லிச் சிகிச்சை பார்க்கிற வீடுகள் இன்னும் உண்டு. அந்தப் பயம் இனி வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவு இல்லை. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அப்போதுதான் மனத்துக்கும் சேர்த்து மருத்துவம் பார்க்க முடியும்.

இதைப் படிக்கும் சிலர் வீட்டில் ஏற்கெனவே ஒருவரை இப்படி இழந்திருப்பீர்கள். மேலே சொன்ன அறிகுறிகளைப் படித்து, நாம் கவனிக்காமல் விட்டோமே என்று உங்களை நீங்களே குத்திக்கொள்ள வேண்டாம். யாரும் கற்றுத்தராத ஒன்றை நீங்கள் அறியாமல் இருந்தது உங்கள் குற்றமல்ல. நீங்களும் பேச ஆள் தேடலாம், தேட வேண்டும்.

நம் பகுதிக் கல்லூரி முதல்வர்களையும் பள்ளித் தாளாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: இந்தப் பயிற்சியை இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள். சமையல்கூடத்தில் இருப்பவர்களையும் பஸ் ஓட்டுநர்களையும் விட்டுவிடாதீர்கள். வணிகர் சங்கங்களும் மகளிர் குழுக் கூட்டமைப்புகளும் ஊர்ச் சங்கங்களும் அரை நாள் ஒதுக்கினால் போதும். மாவட்ட மனநலத் திட்டத்தினரையோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ அணுகலாம். எங்காவது பயிற்சி நடந்தால் எங்களுக்கு எழுதுங்கள்; மகிழ்ச்சியோடு வெளியிடுகிறோம்.

உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால் இன்றே, இப்போதே பேசுங்கள். டெலி மானஸ் 14416, இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104. சினேகா 044-24640050.

அன்புடன்,
ஆசிரியர்