கூந்தலை நேராக்கல் வேண்டுமோ?

தலைச்சோலையிற் பிறந்தார்க்கு மூடுபனி புதியதன்று. மழைக்காலத்துக் காலைப்பொழுதிற் கதவைத் திறப்பின், காப்பித் தோட்டமும், மிளகுக்கொடி படர்ந்த மரங்களும், ஏர்க்காட்டு ஏரியும், எதிர்வீட்டுக் கூரையும் ஒருங்கே மறைந்திருக்கும். அப்பனியினூடே பள்ளிக்கு நடந்து செல்லும் சிறுமியருள், சுருண்ட கூந்தலுடையாள் எவளோ அவள் நிலை இரங்கத்தக்கது. அன்னை எண்ணெய் தடவி இறுகப் பின்னிவிட்ட சடை, வகுப்பறையை அடையுமுன்னரே பஞ்சுபோற் பறந்து நிற்கும். அத்தகைய சிறுமியருள் யானும் ஒருத்தி. 'குருவிக்கூடு' என்று தோழியர் எனக்கிட்ட பெயர் பள்ளிப்படிப்பு முடியுங்காறும் என்னை விட்டு நீங்கவில்லை. ஆதலின், மருந்திட்டுக் கூந்தலை நேராக்கிக்கொள்வாரின் மனநோவு அறியாது, அவரை ஏளனஞ்செய்ய எழுதப் புகுந்தேன் என எவரும் கருதற்க.

என் தமக்கையின் கூந்தலும் என்னுடையதைப் போன்றதே. சென்ற ஆண்டு அவள் திருமணத்திற்கு இரண்டு திங்கள் இருக்கையில், மலைப்பாதையின் இருபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து, இருவரும் சேலத்தில் ஓர் அழகு நிலையத்திற்குச் சென்றோம். ஐந்து மணி நேரம் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. மருந்தின் நெடியால் எங்கள் கண்களில் நீர் பெருகிற்று. "இஃது என்ன மருந்து?" என்று வினவினேன். "நல்ல கம்பெனி மருந்துதான் அம்மா, பயப்படாதீங்க" என்பதே விடையாகக் கிடைத்தது. திருமண நாளில் அவள் கூந்தல் பட்டுநூல்போல் முதுகிற் படிந்து கிடந்ததையும், அவள் முகம் மகிழ்ச்சியால் மலர்ந்திருந்ததையும் யான் மறுக்கேன். ஆயின், நான்கு திங்கள் சென்றபின் வேரிலிருந்து பழைய சுருள் முளைக்கலாயிற்று. நேர்மயிரும் சுருள்மயிரும் கூடும் இடத்தில் இழைகள் ஒடிந்தன. சீப்பிலும் தலையணையிலும் முறிந்த துணுக்குகள் நாடோறும் கிடந்தன. இறுதியில் அவள் கூந்தலைத் தோளளவிற்குக் கத்தரித்துக்கொண்டாள். "நீ செய்துகொள்ளாதே, பாப்பா" என்று அவள் சொன்னபொழுது, அதே செயலுக்கென்று யான் சேர்த்துவைத்திருந்த பணம் என் பெட்டியில் இருந்தது.

அன்றுமுதல் இதன் உண்மையை ஆராயத் தலைப்பட்டேன். தோலுக்கு வெளியே காணப்படும் மயிர் உயிரற்ற பொருள். உயிருள்ள பகுதி தோலினுள் இருக்கும் வேரொன்றே. மயிரிழை கெராட்டின் என்னும் புரதத்தால் ஆயது. அப்புரத நூல்களைக் கட்டி நிறுத்தும் பிணைப்புகளுள் இருவகை ஈண்டுக் கருதத்தக்கன. ஒருவகை ஹைடிரஜன் பிணைப்பு, மெலிந்தது, நீர் பட்டால் அவிழ்ந்து, உலர்ந்தால் மீண்டும் கூடுவது. மற்றொரு வகை கந்தகப் பிணைப்பு, வலியது, மயிருக்கு அதன் சுருளையும் உறுதியையும் அளிப்பது. சூடேற்றிய தகட்டினால் அழுத்தி நேராக்கிய கூந்தல் மலைப்பனியில் மீண்டும் சுருண்டுகொள்வதன் காரணம் இப்பொழுது விளங்கும். சூடு மாற்றியது மெலிந்த பிணைப்பை மட்டுமே. காற்றின் ஈரம் அதனை நொடியில் அவிழ்த்துவிடுகின்றது. ஆகவே, பனிக்கும் மழைக்கும் அசையாத நேர்க்கூந்தலை விரும்புவோர் வலிய கந்தகப் பிணைப்பையே உடைத்தல் வேண்டும். கூந்தலைத் தாங்கும் தூணை உடைப்பதே இத்தொழிலின் அடிப்படை என்க.

அதனை உடைக்கும் வழிகள் பல. சோடியம் ஹைட்ராக்ஸைடு போன்ற கடுங்காரத்தால் உடைப்பது ஒன்று. சவர்க்காரம் செய்தற்கும், அடைபட்ட சாக்கடைக் குழாயைத் திறத்தற்கும் பயன்படும் காரமே அது. சிறிது பொழுது மிகினும் தலைத்தோலைச் சுட்டுப் புண்ணாக்க வல்லது. அம்மோனியம் தயோகிளைகோலேட் என்னும் மருந்தால் பிணைப்பை அவிழ்த்து, சூடேற்றிய தகட்டால் இழையை நேராக்கி, பின்னர் ஹைடிரஜன் பெராக்ஸைடு இட்டுப் பிணைப்பை மீண்டும் கூட்டுவது மற்றொன்று. அவிழ்ந்தவை அனைத்தும் மீண்டும் கூடுவதில்லை. கூடாது எஞ்சியவற்றின் அளவிற்கு இழை வலியிழக்கும். 'கெராட்டின்' என்றும் 'பிரேசில் முறை' என்றும் இன்பெயர் சூட்டி விற்கப்படுவது மூன்றாவது. கெராட்டின் என்ற பெயரைக் கேட்டு, இஃது ஊட்டமளிக்கும் உணவுபோலும் என்று மயங்குவோர் பலர். அவ்வகை மருந்துகள் பலவற்றில், சூடுபட்டவுடன் பார்மால்டிஹைடு என்னும் நச்சு ஆவியை வெளிவிடும் பொருள் கலந்துள்ளது.

இனி, 'நிரந்தரம்' என்னும் சொல்லை நோக்குவோம். மயிர் திங்கள்தோறும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வது. தோலினுள் இருக்கும் வேர், வெளியே நிகழ்ந்ததை அறியாது. தன் இயல்பின்படி சுருளையே முளைப்பிக்கும். எனவே, நேராக்கியவர் சில திங்களுக்கொருமுறை மீண்டும் அந்நாற்காலியில் அமர்தல் வேண்டும். முன்னரே மருந்துண்ட இழையின்மீது புதுமருந்தும் படியுமாயின், அஃது அங்கேயே ஒடியும். 2013-ஆம் ஆண்டு மயிரியல் ஏடொன்றில் வெளியான இந்திய ஆய்வொன்றில், இம்மருந்தைப் பயன்படுத்திய 90 பேரை வினவினர். நூற்றுக்குத் தொண்ணூற்றைவர்க்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு தீங்கைக் கூறினர். கூந்தல் சிம்பெழுந்து பறத்தல் 67 விழுக்காடு, பொடுகு 61, மயிர் உதிர்தல் 47, மெலிதல் 40. சிறிய ஆய்வே, அவரவர் தாமே கூறியவற்றைத் தொகுத்தது, எனினும் என் தமக்கையின் சீப்பு கூறிய சான்றோடு அது முரண்படவில்லை.

தீங்கு மயிரளவில் நிற்குமாயின் கத்தரிக்கோல் அதனைத் தீர்க்கும். ஆயின் அதனினும் பெரிய ஐயங்கள் உள. பார்மால்டிஹைடு மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ஆம் ஆண்டு வகுத்துரைத்தது. அம்முறைக்குத் தன் பெயரை அளித்த பிரேசில் நாடே, 2009-ஆம் ஆண்டு அப்பொருளைக் கடைகளிற் பொதுமக்களுக்கு விற்பதைத் தடுத்தது. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆராய்ச்சி ஒன்று 2022-இல் வெளியாயிற்று. நேராக்கும் மருந்தை ஒருபொழுதும் தீண்டாதவருள் 70 வயதிற்குள் கருப்பைப் புற்றுநோய் காண்பார் நூற்றுக்கு 1.64 என்றும், ஓராண்டில் நான்கு முறைக்கு மேற் பயன்படுத்தியவருள் 4.05 என்றும் அதிற் கணக்கிட்டனர். மருந்தே காரணமென்று இவ்வகை ஆராய்ச்சி முடிவுகட்டாது. அந்நோய் பொதுவாக அரியது என்பதும் உண்மையே. ஆயினும், புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. பார்மால்டிஹைடுக்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலமும் குற்றமற்றதன்று. மும்முறை கூந்தலை நேராக்கி, மும்முறையும் சிறுநீரகம் பழுதுற்ற 26 வயதுப் பெண்ணொருத்தியின் வரலாற்றை மருத்துவர் 2024-இல் வெளியிட்டனர். ஈண்டு மற்றொருத்தியையும் நாம் மறத்தலாகாது. ஆண்டிற்கு இருமுறை செல்லும் நம்மினும், நாள்தோறும் அவ்வாவியைச் சுவாசித்து, கண் சிவக்கத் தொழில்செய்யும் அழகு நிலையத்துப் பெண்ணின் நிலை கொடிது அன்றோ?

"என் கூந்தல் என் உரிமை, அழகு செய்துகொள்வதில் குற்றம் என்ன?" என்று சிலர் வினவலாம். உரிமையே, யான் மறுக்கவில்லை. ஆயின் அவ்விருப்பம் எங்ஙனம் பிறந்தது என்று எண்ணிப் பார்த்தல் தகும். அமெரிக்காவில் கெரட் மார்கன் என்னும் நீக்ரோ மரபினர், தையற்பொறியின் ஊசிக்கென ஒரு திரவம் தேடுகையில் தற்செயலாக மயிரை நேராக்கும் மருந்தைக் கண்டார் என்பர். 1913 அளவில் அதனை விற்கவும் தொடங்கினார். அவ்வினத்துப் பெண்டிர் பலர் தலைத்தோல் வெந்தும் அத்தகைய மருந்துகளைப் பூசியது வெறும் அழகு வேட்கையாலன்று. சுருண்ட கூந்தலோடு சென்றால் வேலையும் மதிப்பும் கிட்டாமையால். 2019-ஆம் ஆண்டிலேதான் கலிபோர்னியா மாகாணம், கூந்தலின் இயல்பு கருதி ஒருவரை ஒதுக்கலாகாது என்று சட்டம் இயற்றிற்று. நம் நாட்டில் அத்தகைய கொடுமை இல்லை. எனினும், மணமகள் தேடும் வீட்டாரின் பார்வையும், கைபேசியில் ஓயாது ஓடும் விளம்பரமும், பள்ளித் தோழியரின் பரிகாசமும் ஒன்றுகூடி, சுருளைக் குறையென்று நமக்குக் கற்பித்துவிட்டன.

நம் முன்னோர் அங்ஙனம் கருதினரோ? தமிழ் பயிலும் மாணவி என்னும் முறையில் இதனைத் தேடிப் பார்த்தேன். சங்கப் புலவர் மகளிர் கூந்தலுக்குக் காட்டும் உவமைகளுள் சிறந்தது அறல். ஆற்றுநீர் வடிந்த இடத்தில் கருமணல் அலையலையாய் நெளிந்து கிடக்குமே, அதுவே அறல். நெளிவு இல்லையேல் அவ்வுவமையே இல்லை. குழல் என்னும் சொல்லும் சுருளைக் குறிப்பதே. கருமையையும் செறிவையும் நீளத்தையும் மணத்தையும் வியந்த பாட்டுகள் யான் கற்றவற்றுள் மிகப்பல. கோலிட்டு இழுத்தாற்போல் நேராக இருத்தலை வியந்த பாட்டு ஒன்றும் என் கண்ணிற்பட்டிலது.

ஆகலின் யான் வேண்டுவன சிலவே. நேராக்கிக்கொள்ளத் துணிந்த தோழியர், மருந்தின் பெயரையும் அதிற் கலந்த பொருள்களையும் அறிந்தன்றி நாற்காலியில் அமரற்க; தலைத்தோலிற் புண்ணிருக்குங்கால் செல்லற்க; முன்னரே மருந்துண்ட இழையின்மேல் மீண்டும் பூச இடந்தரற்க. கடையினர், கலந்த பொருள்களைத் தமிழில் எழுதி வைக்கவும், காற்றோட்டமுள்ள அறையில் தம் பணியாளரை அமர்த்தவும் கடவர். அன்னையரும் ஆசிரியரும், சிறுமியரின் சுருளை ஒரு நோயெனப் பேசுதலை ஒழித்தல் வேண்டும்.

என் தமக்கையின் கூந்தல் இப்பொழுது வளர்ந்து வருகின்றது. பெட்டியிலிருந்த பணத்தில் யான் ஒரு நல்ல அகராதி வாங்கினேன். சென்ற விடுமுறையில் இருவரும் ஏரிக்கரையில் நடந்தபொழுது பனி இறங்கிற்று. இருவர் தலையும் பறக்கலாயின. எங்களுக்கு முன்னே, பள்ளிச்சிறுமி ஒருத்தி தன் சடையை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு விரைந்து சென்றாள். அவளை எவரும் குருவிக்கூடு என்று அழையாதிருப்பாராயின், இன்னும் பத்தாண்டு கழித்து அவள் அந்நாற்காலியை நாடவேண்டிய தேவை இராது.