உள்மடிப்பு இல்லாத சட்டைகள்

அண்மையில் யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது, திருநெல்வேலியில் நீண்ட காலமாக எனக்குப் பழக்கமான தையற்காரர் ஒருவரின் கடையில் சற்று நேரம் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. பத்திரிகைக்காரனுக்குத் தேநீர்க் கடைக்கும் முடிதிருத்தும் நிலையத்துக்கும் அடுத்தபடியாகச் செய்தி கிடைக்கும் இடம் தையற்கடைதான் என்பது எனது அனுபவம்.

மகளையும் மகனையும் அழைத்துக்கொண்டு ஒரு தாய் வந்தார். பையிலிருந்து பாடசாலை வெள்ளைச் சட்டையொன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணை, இதை ரெண்டு விரல் இறக்கி விடேலுமோ? முழங்கால் தெரியுது எண்டு பள்ளிக்கூடத்திலை ரீச்சர் பேசுறாவாம்."

தையற்காரர் சட்டையின் கீழ்விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். பக்கத் தையலையும் விரித்துப் பார்த்தார்.

"இது கடையிலை வாங்கின உடுப்பு, தங்கச்சி. உள்ளுக்கு விட்டுத் தைக்கேல்லை. இறக்கிறதுக்கு ஒண்டுமில்லை."

அந்தச் சட்டை கிழிந்திருக்கவில்லை, மங்கியிருக்கவுமில்லை. ஆறு மாதத்துக்கு முன்னர் வாங்கியது என்றார் அந்தத் தாய். பன்னிரண்டு வயது மகள் வளர்ந்துவிட்டாள் என்பது மட்டுமே அதில் நேர்ந்த குறை.

எனது தலைமுறையினருக்கு அந்தத் தாய் கேட்டது புதிதல்ல. தீபாவளிக்கோ புத்தாண்டுக்கோ துணி எடுத்துத் தைக்கக் கொடுக்கும்போது எமது தாய்மார் தையற்காரரிடம் தவறாது சொல்லும் வாக்கியம் ஒன்று இருந்தது: "வளருற பிள்ளை, கொஞ்சம் விட்டுத் தையுங்கோ." காற்சட்டையின் காலில் மூன்று அங்குலம், சேட்டின் பக்கத் தையலில் ஓர் அங்குலம், பாவாடையின் விளிம்பில் இரண்டு மடிப்பு என உள்ளே துணி ஒளிந்திருக்கும். ஆண்டுக்கொரு முறை அந்தத் தையலைப் பிரித்து இறக்கிவிடுவார்கள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெயில் படாத அடர்நீலக் கோடு ஒன்று வட்டமாகத் தெரியும். வீட்டில் மூன்றாவது பிள்ளையாகிய எனக்கு வந்து சேர்ந்த காற்சட்டையில் இப்படி இரண்டு கோடுகள் இருந்தன. அவற்றை மறைக்கச் சேட்டை வெளியே விட்டுத் திரிந்து அதிபரிடம் அடி வாங்கியது வேறு கதை.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எழுபதுகளில் சங்கக்கடைக்குத் துணி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் வேலையைப் போட்டுவிட்டு வரிசைக்கு ஓடியவர்கள் எமது பெற்றோர். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த குடாநாட்டில், காயப்போட்ட சேட்டை மாடு சப்பிவிட்டுப் போகாமல் காவல் இருந்ததும் நாம்தான். அது வறுமை. வறுமையை அழகுபடுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்த வறுமைக்குள் ஒரு கணக்கு இருந்தது. பிள்ளை வளரும் என்பதைத் துணி வாங்கியவரும் தைத்தவரும் முன்கூட்டியே எண்ணியிருந்தார்கள்.

இன்றைய ஆயத்த ஆடையில் அந்த எண்ணம் இல்லை. ஆயிரக்கணக்கில் வெட்டும்போது ஒவ்வொரு சட்டையிலும் ஓர் அங்குலத்தை மிச்சம் பிடித்தால் அது பெரிய இலாபம். தையல் ஓரத்துக்குத் தேவையானதைத் தவிர ஒரு நூல்கூட அதிகமாக விடப்படுவதில்லை. இதை நாம் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கப்பட்டதிலிருந்து உலகத்தின் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைத்து அனுப்பும் நாடு இது. ஆண்டுக்கு ஏறக்குறைய 500 கோடி டொலர் பெறுமதியான ஆடைகள் இங்கிருந்து கப்பலேறுகின்றன. அதில் கழிக்கப்பட்டதும் எஞ்சியதும் பெயர்ச்சீட்டு வெட்டப்பட்ட நிலையில் கொழும்பு புறக்கோட்டை நடைபாதைக்கு வருகின்றன. அவற்றில் எட்டு வயதுக்கு என்று அளவு குறித்திருக்கும் மேற்சட்டையை எமது பத்து வயதுப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தாலும் தோளில் தொங்குகிறது. நடைபாதை வியாபாரி இதை நன்கு அறிந்தவர். "ரெண்டு வயசு குறைச்சுப் பாருங்க" என்று அவரே சொல்லிவிடுவார்.

2022இன் நெருக்கடிக்குப் பின்னர் நிலைமை மேலும் மோசமடைந்தது. இருநூறு ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் முந்நூற்று அறுபதைத் தொட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். பின்னர் பணவீக்கம் குறைந்தது என்று அறிவித்தார்கள். விலை ஏறும் வேகம் குறைந்ததே தவிர, ஏறிய விலை இறங்கவில்லை. துணி, நூல், பொத்தான், சப்பாத்தின் அடித்தோல் யாவும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவை. ஒரு பெரியவர் தமது சேட்டை இன்னும் இரண்டு வருடம் இழுத்துப் பிடிக்கலாம். நானே அப்படித்தான் செய்கிறேன், கழுத்துப்பட்டியின் ஓரம் நைந்த சேட்டுகளுடன் அலுவலகம் போகிறேன், எவரும் கண்டுகொள்வதில்லை. பிள்ளையின் காலை இழுத்துப் பிடிக்க முடியாது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1945இல் இலவசக் கல்வி, 1980இல் இலவசப் பாடநூல், 1993இல் ஜனாதிபதி பிரேமதாசவின் காலத்தில் இலவசச் சீருடைத் துணி என்ற வரிசையை அயல்நாடுகள் பலவற்றில் காண முடியாது. 2015இன் இறுதியில் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள். பின்னர் மீண்டும் துணிக்கே திரும்பினார்கள். திறைசேரி வற்றிய பின்னர், 2023இல் தேவையான துணியில் பெரும் பகுதியையும் 2025இல் முழுவதையும் சீனா அன்பளிப்பாக வழங்கியது. கொடுத்தவரின் நோக்கம் பற்றிய அரசியல் ஆய்வை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வோம். பிள்ளைகளின் உடலில் துணி ஏறியது, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் துணி உடுப்பல்ல. அதைத் தைப்பதற்குக் கூலி வேண்டும். கிடைப்பது ஒரு சோடிக்குரிய துணி. ஒரே சட்டையை இரவில் தோய்த்துக் காலையில் ஈரத்தோடு போட்டுக்கொண்டு எத்தனை நாள் போவது? அந்தத் துணியும் வகுப்பைப் பார்த்து அளக்கப்படுகிறது, பிள்ளையைப் பார்த்தல்ல. சப்பாத்துக்காகச் சிறிய பாடசாலைகளின் மாணவர்களுக்கு மூவாயிரம் ரூபாய் வவுச்சர் வழங்கியபோது அது பெரும் உதவியாக இருந்தது. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டதை நினைத்துப் பார்த்தால், ஒரு சோடிச் சப்பாத்து இரண்டு நாள் கொழுந்துக்கும் மேல். வீட்டில் மூன்று பிள்ளைகள் என்றால் ஒரு வாரம் மலையேறி இறங்கியது காலுக்கே போய்விடும்.

ஒரு கையால் துணியைக் கொடுத்த அரசு மறுகையால் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. கடையில் எனக்கு வாங்கும் சேட்டுக்கும் ஐந்து வயதுக் குழந்தையின் கவுணுக்கும் அந்த வரியில் வேறுபாடு கிடையாது. பிரித்தானியாவில் 1973இல் வற் வரி அறிமுகமானபோதே சிறு பிள்ளைகளின் உடுப்புக்கும் சப்பாத்துக்கும் பூச்சிய வீதம் என்று வகுத்துவிட்டார்கள். அங்குள்ள வாசகர்கள் கடைச் சீட்டில் இதைக் கவனித்திருக்கலாம். வயதைப் பார்க்காமல் அளவைப் பார்ப்பதால், வயதுக்கு மீறி வளர்ந்த பிள்ளைக்கு வரி விழுந்துவிடுகிறது என்ற முறைப்பாடு அங்கும் உண்டு.

அயர்லாந்தின் கதை இன்னும் சுவையானது. 1982 ஜனவரியில் கரற் பிற்ஸ்ஜெரால்ட் தலைமையிலான கூட்டரசாங்கம் தனது வரவு செலவுத் திட்டத்தில் பிள்ளைகளின் சப்பாத்துக்கும் வற் வரி விதிக்க முற்பட்டது. பிள்ளைகளுக்கு விலக்களித்தால் சிறிய பாதமுள்ள பெண்கள் பிள்ளைகளின் சப்பாத்தை வாங்கி வரியிலிருந்து தப்பிவிடுவார்கள் என்று வாதம் சொல்லப்பட்டது. 82க்கு 81 என்ற வாக்குக் கணக்கில் அரசாங்கமே கவிழ்ந்தது. எமது நாடாளுமன்றத்தில் 18 சதவீதம் நிறைவேறிய வேளையில் எரிவாயு பற்றியும் எரிபொருள் பற்றியும் நிறையப் பேசினார்கள். பிள்ளையின் சப்பாத்தைப் பற்றிப் பேசியதாக எனது செவிக்கு எட்டவில்லை. சர்வதேச நாணய நிதியத்துக்குக் கொடுத்த வாக்குறுதிகளால் அரசின் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை அறியாமல் எழுதவில்லை. கட்டப்பட்ட கைகளோடும் ஓர் அளவு வரை விலக்களிக்க முடியும் என்பதுதான் எனது கருத்து.

வரியைவிட எனக்குக் கோபம் வருவது பாடசாலைகளின் மீது. நாணய நிதியம் வந்து இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ரி-சேட் அடிக்கச் சொல்லவில்லை. சீருடை என்பதன் நோக்கமே உள்ளவன் பிள்ளையும் இல்லாதவன் பிள்ளையும் ஒரே வரிசையில் வேற்றுமையின்றி நிற்க வேண்டும் என்பதுதான். இன்றோ அதற்கு மேல் இல்ல நிறத்தில் ஒரு ரி-சேட், உடற்பயிற்சிக்கு ஒரு நீளக் காற்சட்டை, வாணி விழாவுக்கு ஒரே நிறப் பட்டுப்பாவாடை, கலைவிழாவுக்கு வாடகை உடுப்பு, இவற்றோடு சிறுவர் தினத்துக்கு "வண்ண உடை". எனது உறவினரின் பிள்ளை படிக்கும் பாடசாலையொன்றில் இல்ல ரி-சேட்டின் முதுகில் ஆண்டைப் பெரிதாக அச்சிடுகிறார்கள். அடுத்த ஆண்டு அதைத் தம்பிக்குக் கொடுக்க முடியாது. யாரோ ஒருவர் நன்கு யோசித்துச் செய்த காரியம் அது! வாங்காத பிள்ளையை யாரும் வெளியே நிறுத்துவதில்லை. காய்ச்சல் என்று சொல்லி அன்று அந்தப் பிள்ளையே வராமல் நின்றுவிடுகிறது. வரவுப் பதிவேட்டில் இதற்கென ஒரு நிரல் இல்லை.

இதில் புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்களுக்கும் பங்குண்டு. நீச்சல் தடாகமும் திறன்பலகையும் வாங்கித் தருகிறார்கள், நல்லது. இங்கிலாந்தில் 2021இன் சீருடைச் செலவுச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த வழிகாட்டல், பாவித்த சீருடைகளைப் பெற்றோர் பெற்றுக்கொள்ளப் பாடசாலைகள் வழி செய்ய வேண்டும் என்கிறது. இலண்டனில் தமது பிள்ளைகளுக்கு அதைப் பயன்படுத்தும் எமது அன்பர்கள், தாம் படித்த பாடசாலையிலும் ஓர் அலுமாரியும் ஒரு தையல் இயந்திரமும் வைக்கச் சொல்லலாம். திறப்பு விழாவுக்கு நாடா வெட்ட முடியாத செலவு என்பதால்தானோ இதுவரை எவரும் முன்வரவில்லை. பழைய உடுப்பை வாங்குவது கௌரவக் குறைவு என்று எமது சனம் ஒதுங்கும் என்பார்கள். அண்ணனின் காற்சட்டையில் வளர்ந்த சமூகத்துக்கு இந்தக் கௌரவம் எப்போது முளைத்தது என்று எனக்குப் புரியவில்லை.

திருநெல்வேலித் தையற்கடைக்குத் திரும்புகிறேன். மகளின் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற தாய், பக்கத்தில் நின்ற மகனைக் காட்டிச் சிரித்தபடி சொன்னார்: "நல்ல காலம், இவராலை செலவில்லை அண்ணை. முந்தின வருசத்து உடுப்பே இன்னும் காணும். ஆள் வளரேல்லை."

உண்மையான நிம்மதியோடுதான் சொன்னார். பையனுக்கு ஒன்பது வயது என்றார்கள். அந்த வயதில் ஒரு பிள்ளை ஆண்டுக்கு ஐந்து, ஆறு சென்ரிமீற்றர் உயர வேண்டும் என்பது பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வருபவர்கள் சொல்லும் கணக்கு. நெருக்கடிக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 2016இல் நடந்த குடித்தொகை மற்றும் சுகாதார மதிப்பாய்வில்கூட ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அப்போது அந்த வயதில் இருந்தவர்கள்தான் இப்போது வகுப்பறைகளில் இருக்கிறார்கள். பையனைச் சோதிக்க ஒருமுறை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள் என்று அந்தத் தாயிடம் சொன்னேன். ஓம் என்று தலையாட்டினார். போவாரோ தெரியாது. போவதற்கும் ஒரு நாள் சம்பளம் போகும்.

தையற்காரர் பெட்டிக்குள் தேடி வெள்ளைத் துணித் துண்டொன்றை எடுத்தார். சட்டையின் விளிம்பைப் பிரித்து, நான்கு விரல் அகலத்துக்கு ஒட்டுப் போட்டு, தையல் வெளியே தெரியாமல் அமுக்கிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. புதுத் துணி பளிச்சென்று தெரிந்தது. "ரெண்டு தரம் தோய்ச்சால் நிறம் ஒண்டாயிடும்" என்றார்.

அந்தத் தாய் சட்டையை மகளின் முழங்காலில் வைத்துப் பார்த்தார். பின்னர் சற்றுத் தயங்கி, "ஒட்டுப் போட்டதை அங்கை விடுவினமோ அண்ணை?" என்று கேட்டார்.

தையற்காரர் என்னைப் பார்த்தார்.