சகலமும் அடக்கம்

"கட்டணத்தில் சகலமும் அடக்கம்" என்ற மூன்று வார்த்தைகளைப் போல் நடுத்தரக் குடும்பஸ்தனின் மனத்தைக் கவரக்கூடிய வார்த்தைகள் வேறு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. மாதம் முதல் தேதி பால் கணக்கில் தொடங்கி, முப்பதாம் தேதி பலசரக்குக் கணக்கில் முடிகிற ஜீவனம் நம்முடையது. ஒரு தடவை பணத்தைக் கட்டிவிட்டால் அப்புறம் மணிபர்ஸைத் திறக்கவே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அவரை நம்பிவிட வேண்டும் என்ற ஆசை தானாகவே உண்டாகிறது.

அந்த ஆசையினால்தான், ஐந்து வருஷமாகக் கட்டிவந்த சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், சென்ற கோடை விடுமுறையில் நாம் குடும்ப சகிதமாக மாலத் தீவுக்குப் புறப்பட்டோம். குடும்பம் என்றால் நாம், நம் இல்லாள், ஏழு வயதுப் பையன், நாலு வயதுப் பெண். "வாத்தியார் உத்தியோகத்தில் மாலத் தீவா!" என்று பள்ளிக்கூடத்துச் சகாக்கள் அதிசயப்பட்டார்கள். நாகர்கோவில்காரனுக்குத் திருவனந்தபுரம் கூப்பிடு தூரம். அங்கே ஆகாய விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். சென்னைக்கு ரயிலில் போகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. இந்தியர்களுக்கு இறங்கியவுடனே விஸா இலவசமாகக் கிடைக்கிறது. தவிரவும் மே மாதம் அங்கே மழைக்காலத்தின் ஆரம்பமாகையால் விடுதிக் கட்டணமும் குறைவு. இவ்வளவு நியாயங்களையும் சகாக்களிடம் எடுத்துச் சொன்னோம். அவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை.

மாலத் தீவின் விடுதிகள் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒன்று என்ற ஏற்பாட்டில் அமைந்தவை. தீவு முழுவதும் விடுதி. விடுதியைத் தவிரத் தீவில் வேறொன்றும் இல்லை. பெட்டிக்கடை இல்லை, டீக்கடை இல்லை. குழந்தை நடுநிசியில் பிஸ்கோத்து வேண்டும் என்றால் விடுதிக்காரரைத்தான் கேட்கவேண்டும். ஆகவே அங்கே "சகலமும் அடக்கம்" என்பது ஆடம்பரமாகத் தோன்றினாலும், பிள்ளைகுட்டிக்காரனுக்கு அதுவே பத்திரமான வழி.

விமான நிலையத்திலிருந்து விசைப்படகில் நாற்பது நிமிஷம். படகுத் துறையில் பெரிய படகுகள் சிலவற்றைக் காட்டி, "இவற்றுக்கு இங்கே தோணி என்றுதான் பெயர்" என்று படகுக்காரர் சொன்னார். மாலத் தீவின் பாஷையாகிய திவேகியில் படகுக்கும் தோணிதான். நமக்கு ஏற்பட்ட ஆனந்தம் சொல்லத் தரமன்று. நம் பையனோ, "கிரிக்கெட் விளையாடுகிற தோனியா?" என்று கேட்டான். விடவில்லை நாம், சரித்திர ஆசிரியன் அல்லவா? ராஜராஜ சோழனுடைய மெய்க்கீர்த்தியில் அவன் வென்றதாகச் சொல்லியிருக்கும் பழந்தீவுகள் இவைதாம் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவதை எடுத்துரைத்தோம். "அவருக்கும் ஐஸ்கிரீம் சும்மா கொடுத்தாங்களா, அப்பா?" என்றான்.

தீவில் இறங்கியதும் நால்வர் கையிலும் ஒரு பட்டையைக் கட்டினார்கள். பெரியவர்களுக்கு ஒரு நிறம், குழந்தைகளுக்கு வேறொரு நிறம். பெரியவர்களின் பட்டை சாராய வகைகளுக்கும் அநுமதிச் சீட்டு என்று விளக்கினார்கள். ஊர்க் கோயில் கொடையில் காப்புக் கட்டிக்கொண்டவன் கொடை முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பார்கள். இந்தக் காப்பும் அப்படித்தான், தாண்டினால் சமுத்திரம்.

சாராயத்தைத் தொடாத நாம், அடுத்த மேஜைக்காரர் குடிப்பதற்கும் சேர்த்துப் பணம் கட்டியிருக்கிறோம் என்ற ஞானோதயம் அப்போதுதான் ஏற்பட்டது. அதை ஈடுசெய்யும் பொருட்டு முதல் நாள் இரவு பந்தியில் நாம் செய்த பராக்கிரமத்தையும், அதன் பலனாக விடியும்வரை அநுபவித்ததையும் இங்கே விஸ்தரிக்கப்போவதில்லை. சகலமும் அடக்கம் என்பதில் அடங்காத செலவு ஒன்றும் இருக்கிறது. 2025-ம் வருஷம் ஜனவரி முதல், இம்மாதிரி விடுதிகளில் தங்குகிறவர்களுக்கு அந்நாட்டுச் சர்க்காரின் பசுமை வரி தலைக்கு நாளொன்றுக்கு 12 டாலர். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் விலக்கு. நம் நால்வருக்கும் மூன்று நாளைக்கு 144 டாலர். போக விரும்பும் நேயர்கள் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நலம்.

மறுநாள் பகல் முழுவதும் மழை கொட்டியது. குழந்தைகளை வைத்துக்கொண்டு அறைக்குள் அடைந்து கிடந்தபோது, இந்த மாதிரி விடுதிகளின் பூர்வ கதை நமக்கு ஞாபகம் வந்தது. அதற்கும் மழையே காரணம்.

இங்கிலாந்தில் முன்னெல்லாம் கடற்கரை ஊர்களுக்கு விடுமுறைக்குப் போகிற தொழிலாளிக் குடும்பங்கள், அறை வாடகைக்கு விடும் அம்மாள்களின் வீடுகளில் தங்குவது வழக்கம். காலை ஆகாரம் முடிந்தால் வெளியே போய்விட வேண்டும். அடுத்த சாப்பாட்டு வேளைக்குத்தான் கதவு திறக்கும். மழை பெய்தாலும் அதே சட்டம்தான். வேல்ஸ் தேசத்துப் பாரி தீவில், கைக்குழந்தைகளுடன் மழையில் நனைந்துகொண்டு போக்கிடமின்றி அலைந்த குடும்பங்களைப் பார்த்தார் பில்லி பட்லின் என்பவர். பொருட்காட்சிகளில் விளையாட்டுக் கடை போட்டுப் பிழைத்து வந்த மனிதர். அவர்தான் 1936-ம் வருஷம் ஏப்ரல் மாதம் ஸ்கெக்னஸ் என்னும் கடற்கரை ஊரில் பெரியதொரு விடுமுறை முகாமைத் திறந்தார். குடும்பத்துக்கு ஒரு குடில். மூன்று வேளைச் சாப்பாடு, விளையாட்டு, வேடிக்கை எல்லாம் ஒரே கட்டணத்தில். ஒரு வாரச் சம்பளத்தில் ஒரு வார விடுமுறை என்பது அவருடைய விளம்பரம். தொழிலாளருக்குச் சம்பளத்துடன் விடுமுறை தரும் சட்டம் 1938-ல் வந்ததும் அந்த முகாம்களுக்கு மேலும் ஆதரவு பெருகியது.

பட்லினுடைய ஏற்பாடுகளில் ஒன்று நம் மனத்தை விட்டு அகலவில்லை. இரவில் பெற்றோர் ஆடல் பாடல் பார்க்கப் போயிருக்கையில், பணிப்பெண்கள் குடில்களைச் சுற்றி வருவார்கள். எங்கேனும் அழுகுரல் கேட்டால், இன்ன எண்ணுள்ள குடிலில் குழந்தை அழுகிறது என்று அரங்கத்தில் அறிவிப்பார்கள். அந்தத் தாய் எழுந்து ஓடுவாள். தகப்பனும் ஓடினானா என்பதைப் பற்றிச் சரித்திரம் பேசவில்லை.

பிறகு 1950-ல் ஐரோப்பியர் சிலர் மஜோர்க்கா தீவில் கூடாரம் அடித்து இதே வியாபாரத்தை வேறு தினுசில் ஆரம்பித்தார்கள். மாலத் தீவில் முதல் விடுதி ஏற்பட்டது 1972-ல். அதன் பெயர் குரும்பா. திவேகி பாஷையில் இளநீர் என்று அர்த்தம். நமது குரும்பையின் தங்கைபோல் இல்லையா? இருக்கட்டும், விஷயத்துக்கு வருவோம்.

மூன்றாம் நாள் வானம் வெளுத்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள விடுதியில் ஒரு விளையாட்டுக் கூடம் இருந்தது. அதுவும் கட்டணத்தில் அடக்கம். காலையில் அங்கே விட்டால் மத்தியான்னம் வரை வண்ணம் தீட்டுவதும் மணல் கோட்டை கட்டுவதுமாகப் பொழுது போய்விடும். பத்து வருஷத்துக்குப் பிறகு நாமும் நம் இல்லாளும் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தோம். பேசுவதற்கு விஷயம் அகப்படவில்லை. "பையனுக்குக் கணக்கில் மார்க் குறைவு" என்றோம். "ஆமாம்" என்றாள். அப்புறம் இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மத்தியான்னச் சாப்பாட்டின்போது கூடத்தை மூடிக் குழந்தைகளை நம்மிடம் ஒப்படைத்தார்கள். சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறுகிறவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துத் தமிழர். முதல் நாளிலிருந்தே நம் பெண்ணுக்குக் காரமில்லாத சோறு தனியாக எடுத்து வைப்பார். அவருக்கும் அதே வயதில் ஒரு மகள் உண்டு என்றும், வருஷத்துக்கு ஒரு முறைதான் ஊருக்குப் போவது என்றும் சொல்லியிருந்தார். அன்று அவர் நம் இல்லாளுக்கு அப்போதுதான் இறக்கிய சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்து, "அக்கா, ஆற முந்திச் சாப்பிடுங்கோ" என்றார்.

அவள் தட்டை இழுத்துக்கொண்டு நம்மைப் பார்த்து, "பிள்ளைகளைப் பார்த்துக்குங்க. சூடா ஒரு வாய் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சு!" என்றாள்.

"சாப்பிடு, சாப்பிடு" என்றோம் தாராளமாக.

அவள் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். நாமோ இன்னொரு கிண்ணம் பாயசத்துக்காக எழுந்து போனோம். பாயசம் இருந்த இடத்தில் ஒரு ஜெர்மானியர் இந்தியாவின் ரயில்வேக்களைப் பற்றி விசாரித்தார். அவருக்கு அது தொடங்கிய 1853-ம் வருஷத்திலிருந்து விளக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது, பையன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"தங்கச்சி எங்கேடா?"

"உங்ககூடத்தானே வந்தா?" என்றான்.

இல்லாள் தலை நிமிர்ந்தாள். அந்த முகத்தை வருணிக்க நமக்குச் சக்தியில்லை. கையைக் கழுவக்கூட இல்லை. அப்படியே எழுந்து ஓடினாள்.

காலாற நடந்தால் கால் மணி நேரத்தில் சுற்றிவிடக்கூடிய தீவு அது. முதல் நாள் அதைத்தான் நாம் மெச்சிக்கொண்டோம். குழந்தை எங்கே போய்விடும், வண்டி உண்டா, திருடன் உண்டா என்று. இப்போது பார்த்தால் எந்தப் பாதையில் திரும்பினாலும் பத்தாவது மரத்துக்கு அப்பால் நீலமாகத் தண்ணீர் தெரிந்தது. கரையோரம் முழங்கால் ஆழம்தான். பவழப் பாறையின் விளிம்பைத் தாண்டினால் கடல் சட்டென்று கறுத்துவிடுகிறது. அவள் கிழக்கே ஓடினாள். நாம் மேற்கே ஓடினோம். விளையாட்டுக் கூடம் பூட்டிக் கிடந்தது. நீச்சல் குளத்தில் யாருடைய குழந்தைகளோ கூச்சலிட்டார்கள். நாம் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட குரல் நமக்கே அந்நியமாயிருந்தது.

படகுத் துறையின் பக்கத்திலிருந்து அந்த யாழ்ப்பாணத்துத் தம்பி வந்துகொண்டிருந்தார். தோளில் நம் பெண்.

"அண்ணை, பயப்பிடாதேங்கோ. பின்கதவாலை போறதைக் கண்டனான், பின்னாலையே போனன். துறை முனையிலை தனிய நிண்டு மீன் பாத்துக்கொண்டு நிண்டவ" என்றார். சட்டைப் பையிலிருந்த பரிமாறுகிற துணியால் அவளுடைய காலின் மணலைத் தட்டிவிட்டு, மெதுவாக இறக்கிவிட்டார்.

"அப்பா, குட்டிச் சுறா! நாலு குட்டிச் சுறா!" என்றாள் அவள். துடுப்பு நுனி கறுத்த அந்தச் சுறாக் குட்டிகள் கரையோரம் மேய்வதுண்டு. மனிதரைக் கண்டால் விலகிப் போய்விடும். அந்த விவரத்தை நாம்தான் முந்தின நாள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

தம்பிக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்று பையில் கையை விட்டோம். கையில் பட்டை கட்டிய நாளிலிருந்து பணப்பை அறையில் கிடந்தது. "வேண்டாம் அண்ணை, எனக்கு மேசை கிடக்கு" என்று அவர் வேகமாக மண்டபத்துக்குத் திரும்பினார். அவர் மண்டபத்தை விட்டு வந்ததற்கு அங்கே யாரிடம் என்ன சமாதானம் சொன்னாரோ, நாம் அறியோம்.

இல்லாள் வந்து பெண்ணை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். குழந்தையின் முதுகிலெல்லாம் மீன் குழம்பு. நம்மை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மண்டபத்துக்குத் திரும்பியபோது அவளுடைய தட்டை எடுத்துப் போயிருந்தார்கள். வேறு தட்டு வாங்கி வருவதாகச் சொன்னோம். "பசி இல்லை" என்றாள்.

அன்று மாலை அறை வாசலில் உட்கார்ந்து நாம் யோசித்தோம். விடுதிக்காரர் பேரில் குற்றம் சொல்ல வழியில்லை. கட்டணத்துக்கு உரியதை அவர்கள் குறைவின்றிக் கொடுத்தார்கள். குழந்தைகளின்மீது சதா வைத்திருக்கிற கண் எந்தக் கட்டணத்திலும் சேர்ந்ததல்ல. இத்தனை வருஷமும் நம் வீட்டில் அதை வைத்திருந்தது யார் என்பது நமக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அவள் ஒரு பிடி சோற்றுக்காக அதைக் கீழே வைத்தபோது, நாம் எடுத்துக்கொள்வோம் என்று நம்பித்தான் வைத்தாள்.

நாலாம் நாள் பிற்பகல் திரும்பும் படகு. காலையில் விளையாட்டுக் கூடத்துக்குக் குழந்தைகளை அனுப்பவில்லை. அவர்கள் கரையோரம் மணலில் பள்ளம் தோண்ட, நாம் பத்தடி தூரத்தில், புஸ்தகம் இல்லாமல், பேச்சுத் துணை இல்லாமல் உட்கார்ந்துகொண்டோம். "ஒரு சுற்று நடந்துவிட்டு வாயேன்" என்று இல்லாளிடம் சொன்னோம். அவள் நம்மை ஒரு தடவை பார்த்தாள். குழந்தைகளை ஒரு தடவை பார்த்தாள். "இரண்டு பேர்" என்றாள். "இரண்டு பேர்" என்று நாமும் சொன்னோம்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நடந்து போனாள். கால் மணி நேரத்தில் மறுபக்கத்திலிருந்து வந்து சேர்ந்தாள். தூரத்திலேயே நின்று எண்ணிப் பார்த்தாள். நாம் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினோம். கிட்டே வந்து உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தோம். வரவில்லை. தலையை அசைத்துவிட்டு இரண்டாவது சுற்றுக்குப் போய்விட்டாள்.